தமிழ்ப் பெயர் இல்லையா?

சென்ற ஆண்டு மலைநாட்டுத் தாவரப் பட்டியலொன்று என் கைக்கு வந்தது. நுவரெலியாவைச் சூழ்ந்த குன்றுகளில் இயல்பாய் வளரும் மரஞ்செடிகளைக் கணக்கெடுத்தோர் தொகுத்தது அது. ஒரு நிரலில் இலத்தீன் பெயர். அடுத்ததிற் சிங்களப் பெயர். மூன்றாவதன் தலையில் ‘தமிழ்’ என்றிருந்தது. அதன்கீழ்ப் பெரும்பாலும் சிறு கோடுகளே. ‘பண்டிதர் ஐயா இவற்றுக்குத் தமிழ்ப் பெயர் தந்துதவ வேண்டும்’ என்றொரு கடிதமும் உடனிருந்தது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பெருமிதமே உண்டாயிற்று. குறிஞ்சிப்பாட்டை முப்பதாண்டு படிப்பித்தவனுக்கு மலைப்பூவின் பெயருக்கா பஞ்சம்? நிகண்டுகளை விரித்து வைத்துக்கொண்டு மூன்று இரவு இருந்தேன். சிவந்ததற்கு ஒரு ‘செம்’, மணப்பதற்கு ஒரு ‘நறு’, உயரத்தில் நிற்பதற்கு ஒரு ‘வரை’ என அடைகொடுத்து நாற்பது பெயர் வரை சமைத்துவிட்டேன். ஓசையும் நன்றாகவே இருந்தது.

அவற்றை வகுப்பிற் படித்துக் காட்டியபோது, தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து பயிலும் மாணவியொருத்தி ஒரு படத்தைச் சுட்டி, “ஐயா, இது தவிட்டுக்கொய்யா அல்லவா? அம்மாவோடு மலைக்குப் போனால் பறித்துத் தின்போமே” என்றாள். இளஞ்சிவப்புப் பூவும் கருநீலக் கனியுமுடைய குறுஞ்செடி அது, சிங்களத்தில் சீதபேர. நீலகிரித் தமிழரும் அதனைத் தவிட்டுக்கொய்யா என்றே வழங்குவரெனப் பின்னர் அறிந்தேன். நான் அதற்குச் சூட்டியிருந்த பெயர் ‘வரைநறுங்கனி’. லயத்துப் பிள்ளைகள் தின்று வளர்ந்த பழத்தின் பெயரை அழித்து, ஒருவரும் சொல்லாத ஒன்றை அதன்மேல் எழுதப் பார்த்தேன்.

அன்று மாலை ஹென்றி திரைமன் எழுதிய இலங்கைத் தாவர நூலை எடுத்துப் புரட்டினேன். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த அவர் 1893 இல் வெளியிடத் தொடங்கிய நூல் அது. 1896 இல் அவர் மறைய, ஹூக்கர் 1900 இல் நிறைவுசெய்தார். திரைமன் நம்மைப் புறக்கணித்தவர் அல்லர். பாலை, முதிரை, கருங்காலி, வீரை என வறண்ட நிலக் காட்டு மரங்களின் தமிழ்ப் பெயர்களை ஒழுங்காகப் பதிந்துள்ளார். மலை ஏற ஏறத்தான் தமிழ் அருகுகின்றது. அக்காலத்தில் மலையிலே தமிழ் பேசுவார் இல்லையா? கோப்பிக் காலத்திலேயே வந்து, 1869 இல் தோன்றிய இலைத்துரு நோயாற் கோப்பி அழிந்தபின் தேயிலைக்கு மாறிய தொழிலாளர் பல்லாயிரவர் அங்கிருந்தனர். கூடை சுமந்தவளிடம் செடியின் பெயரை ஒருவரும் கேட்கவில்லை போலும்.

அயலாரை மட்டும் குறைசொல்லி என்ன? கபிலர் 99 பூக்களைப் பாடினார், ஆகவே தாவரவியலில் முந்தியவர் நாமே என்று மேடைதோறும் முழங்குகிறோம். நானும் முழங்கியவனே. அந்த வரிசையில் மலைப்பூக்களோடு தாமரையும் நெய்தலும் உண்டு. அது செய்யுள், கணக்கெடுப்பு அன்று. அத்தொண்ணூற்றொன்பதிற் செடியிலே காட்டக்கூடியவை எத்தனை என்று என்னைக் கேட்டால் இருபதைத் தாண்டேன். குறிஞ்சியைக்கூட 2013 இல் ஓட்டன் சமவெளி பூத்தபோதுதான் முதன்முதல் கண்ணாற் கண்டேன். அதுவும் நீலகிரிக் குறிஞ்சி அன்று, அதன் இனத்தைச் சேர்ந்த வேறொன்று என உடன்வந்த தாவரவியலாசிரியர் திருத்தினார்!

அவர்கள் வேலைசெய்யும் முறையில் நமக்குப் பாடமுண்டு. பூவும் இலையும் கூடிய கிளையைத் தாளிடை வைத்து அழுத்தி உலர்த்தி, கண்ட இடம், நாள், உயரம், சேர்த்தவர் பெயர் யாவும் எழுதி ஒட்டுகின்றனர். ஹேர்மன் 1672 முதல் இத்தீவிற் சேர்த்து உலர்த்தியவற்றைக் கொண்டே, இலங்கையைக் காணாத லின்னேயஸ் 1747 இல் இந்நாட்டுத் தாவர நூலை எழுதினார். அவ்விலைகள் இலண்டனில் இன்றும் உள்ளன. அவை போல நாம் சேர்க்கும் பெயருக்கும் சான்று வேண்டும். சொன்னவர் யார், எந்தத் தோட்டம், எந்தச் செடியைக் காட்டிச் சொன்னார் என்பன எழுதப்படல் வேண்டும். பேச்சிற் கேட்டதைப் பண்டிதர் திருத்தலாகாது. ஒரே பெயர் இரு செடிக்கு வழங்கினால் இரண்டிடத்தும் எழுதுக. புதிதாய் ஆக்கிய சொல்லாயின் ‘ஆக்கியது’ என்று வெளிப்படையாகக் குறிக்க. அதை மக்கள் வழக்கென்று நுழைப்பது பொய்ச்சாசனம் எழுதுவதற்கு ஒப்பாகும். மலைநாட்டுப் பாடசாலை ஆசிரியர்களுக்கு இதைவிடத் தக்க தமிழ்ப்பணி வேறெது என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் சமைத்த நாற்பதையும் அடித்துவிட்டேன். மாணவர் விடுமுறைக்கு வீடு சென்று கேட்டுவந்த பெயர்கள் பதினொன்று. அவற்றை மட்டும் எழுதி, மற்றைக் கோடுகளை இருந்தவாறே விட்டுப் பட்டியலைத் திருப்பியனுப்பினேன். அம்மாணவியின் அப்பாயிக்கு இன்னும் பல தெரியுமாம். ஆனால் படத்தைப் பார்த்துச் சொல்லமாட்டாராம். இலையைக் கசக்கி முகர்ந்தாற்றான் சொல்வாராம். சித்திரை விடுமுறையில் தாவரவியலாசிரியரும் நானும் அங்கே போகிறோம்.