சாம்போ வைத்தியர்

தலை முழுகக் கடையில் வாங்கும் ஷாம்பூவை நாம் சீமைச் சரக்கென்றே எண்ணுகிறோம். சரக்கு எப்படியோ, வார்த்தை நம் தேசத்தது. ஹிந்துஸ்தானியில் 'சாம்போ' என்றால் 'அமுக்கு', 'பிடித்து விடு' என்று பொருள். முதலில் உடம்பு முழுவதற்கும் உரியதாயிருந்த சொல் பிற்பாடுதான் ஆங்கிலேயரின் தலைக்கேறியது. அதை அவர்களிடையே பிரபலமாக்கியவர் பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் மஹமது.

1759-ல் பிறந்த இவர், கும்பினிப் பட்டாளத்தில் தந்தை மாண்ட பிறகு, சிறு பையனாகவே அதே பட்டாளத்து அதிகாரி ஒருவரை அண்டி வளர்ந்தார். 1784-ல் அயர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். 1794-ல் தம் யாத்திரைகளை எழுதி வெளியிட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி அச்சேற்றிய முதல் புத்தகம் அது. 1810-ல் லண்டனில் ஹிந்துஸ்தானி போஜனசாலை ஒன்று திறந்தார். இரண்டு வருஷத்தில் திவாலானார்.

1814-ல், ஐம்பத்தைந்தாவது வயதில், பிரைட்டன் என்னும் கடற்கரைப் பட்டணத்துக்குக் குடியேறியபோது அவரிடம் மிஞ்சியிருந்த மூலதனம் இரண்டு கைகளே. மூலிகைகள் இட்ட வெந்நீரின் ஆவியில் நோயாளியை நன்றாக வியர்க்க வைப்பார். நோயாளியைச் சுற்றிக் கம்பளித் துணியாலான சிறு கூடாரம் இருக்கும். அதில் சட்டைக் கைகளைப்போல் தைத்திருக்கும் துளைகளின் வழியே தம் கைகளை நுழைத்து உடம்பைப் பிடித்து விடுவார். இரத்தத்தை வடிப்பதும் பேதிக்குக் கொடுப்பதுமே பெரிய வைத்தியமாயிருந்த காலம் அது. முழங்கால் வலியென்று வந்தவரின் முழங்காலோடு நில்லாமல், தேகம் முழுவதையும் இளகச் செய்யும் இந்த முறையைக் கண்டு முதலில் சிரித்தார்கள். பிறகு வாதக்காரர்களும் மூட்டுப் பிடிப்புக்காரர்களும் திரண்டு வந்தார்கள். குணமடைந்தவர்கள் விட்டுச் சென்ற ஊன்றுகோல்கள் அவருடைய ஸ்நான மண்டபத்தின் சுவர்களை அலங்கரித்தன. நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்ற இரண்டு மன்னர்களுக்கு அவர் ஷாம்பூ வைத்தியராக நியமனம் பெற்றார்.

இவ்வளவு கீர்த்தி பெற்றவர் ஒரு பொய்யும் சொன்னார். 1822-ல் வெளியிட்ட வைத்திய நூலில், தாம் முறையாக வைத்தியம் பயின்று, பட்டாளத்தில் ரண சிகிச்சை செய்தவர் என்று எழுதிக்கொண்டார். முதற் புத்தகத்தில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது. படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் வருஷங்கள் வேண்டுமே! பிறந்த வருஷத்தையும் 1749 ஆக்கினார். 1851-ல் அவர் இறந்தபோது கல்லறையிலும் 101 வயது என்றே பொறித்தார்கள்.

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. "உடம்பு பிடிக்கத் தெரியும்" என்று மட்டும் சொல்லியிருந்தால் எந்தப் பிரபு அவர் வாயிலில் வண்டியை நிறுத்தியிருப்பார்? சீமையை ஏன் சொல்ல வேண்டும்? நம் கிராமங்களில் ரணங்களை ஆற்றிய நாவிதருக்கு 'மருத்துவர்' என்றே பெயர். அவர் வீட்டுப் பெண்மணி மருத்துவச்சி. ஊர்க் குழந்தைகளைக் கையில் ஏந்தி உலகுக்குக் கொண்டுவந்தவள். ஆயினும் அவர்களைத் திண்ணைக்குக் கீழேதான் நிறுத்தினோம். பெயர் கொடுத்தோமே தவிர, மரியாதை கொடுத்தோமா?

தீன் மஹமதுவின் பேரர் பிரெடரிக் அக்பர் மஹமது உண்மையாகவே வைத்தியம் படித்துத் தேறினார். லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் அமர்ந்து, மணிக்கட்டின் நாடித் துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரையும் கருவியைக் கொண்டு, இரத்த அழுத்தம் மூத்திரக் காய் கெடுவதற்கு முன்பே உயரக்கூடும் என்று கண்டு சொன்னார். பாட்டனார் எழுதிக்கொண்ட பட்டம் அவரிடம் மெய்யாகவே இருந்தது, வயதுதான் இல்லை. 1884-ல், முப்பத்தைந்தாவது வயதில், விஷ ஜுரம் கண்டு மாண்டார்.