த்ரெஷோல்டைப் பார்த்து மாஸ்ஃபெட் வாங்காதீங்க

தில்லி லஜ்பத்ராய் மார்க்கெட் ஆகட்டும், நம்ம ரிச்சி ஸ்ட்ரீட் ஆகட்டும். "மைக்ரோகன்ட்ரோலர் வெச்சு ஒரு சின்ன மோட்டாரை ஆன்-ஆஃப் பண்ணணும், மாஸ்ஃபெட் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் கையில் வருவது ஐஆர்எஃப்இசட்44என். 55 வோல்ட், 49 ஆம்பியர், விலையும் கம்மி. வாங்கினவருக்கும் 49 ஆம்பியர் என்றதும் ஒரு தெம்பு. ஆனால் 3.3 வோல்ட்டில் ஓடும் சர்க்யூட்டுக்கு இது சுத்தமாக ஆகாது என்பதுதான் என் கட்சி.

ஏன்? அந்த 49 ஆம்பியரும், 17.5 மில்லி ஓமும் கேட்டில் 10 வோல்ட் கொடுத்தால் கிடைப்பவை. நம்ம ஈஎஸ்பி32 கொடுப்பதோ 3.3. "த்ரெஷோல்ட் 2 வோல்ட்னு போட்டிருக்கே சார்" என்பார்கள் பையன்கள். வரியை முழுசா படிங்கப்பா! 2 முதல் 4 வோல்ட், அதுவும் 250 மைக்ரோ ஆம்பியர் ஓடும்போது. குழாய் சொட்ட ஆரம்பிக்கிற இடம் அது, குடம் நிறைகிற இடம் இல்லை. காலேஜில் த்ரெஷோல்டுக்கு டெஃபனிஷன் கேட்டு வைவாவில் வறுத்தெடுப்பார்கள். டேட்டாஷீட்டில் பக்கத்திலேயே இருக்கும் 'கண்டிஷன்ஸ்' காலத்தைப் படிக்க யாரும் சொல்லித் தருவதில்லை.

வேலையே செய்யாமல் போனால்கூடப் பரவாயில்லை, வேறு மாற்றிவிடலாம். இது சில சமயம் வேலை செய்து தொலைக்கும், அதுதான் வம்பு. 2 முதல் 4 என்றால் ஒரு பீஸ் 3.3-ல் ஓரளவு திறக்கும், இன்னொன்று திறக்கவே திறக்காது. மேஜையில் சோதித்த பீஸ் நல்ல பீஸாக அமைந்துவிட்டால் நூறு போர்டுக்கு ஆர்டர் போய்விடும். போதாக்குறைக்கு, குளிரில் த்ரெஷோல்ட் இன்னும் ஏறும். நொய்டாவில் ஒரு சின்ன கம்பெனி (பேர் வேண்டாமே), கை நீட்டினால் தண்ணீர் வரும் குழாய் செய்தார்கள். கோடையில் ஜம்மென்று ஓடியது. ஜனவரி காலையில் வால்வு திறக்கவில்லை என்று வரிசையாகப் புகார். பேட்டரியைத் திட்டினார்கள், சாஃப்ட்வேர் எழுதின பையனைத் திட்டினார்கள், உப்புத் தண்ணீரைக்கூடத் திட்டினார்கள். கேட்டில் எத்தனை வோல்ட் என்று கடைசியில்தான் பார்த்தார்கள்.

சரி, எதைப் போடுவது? ஐஆர்எல்இசட்44என் என்று 'எல்' போட்ட தம்பி ஒருவர் உண்டு. (கடையில் "ரெண்டும் ஒண்ணுதான்" என்பார்கள், நம்பாதீர்கள்.) கேட்டில் 5 வோல்ட் என்றால் 25 மில்லி ஓம், அருமை. ஆனால் அவர் டேட்டாஷீட்டும் 4 வோல்ட்டோடு நின்றுவிடுகிறது. 3.3-க்கு உத்தரவாதம் இல்லை. என் ஓட்டு ஏஓ3400ஏ-வுக்கு. கேட்டில் 2.5 வோல்ட் கொடுத்தாலே அதிகபட்சம் 48 மில்லி ஓம் என்று எழுதியே தருகிறார்கள். 2 ஆம்பியர் ஓடினால் வீணாவது 0.2 வாட்கூட இல்லை. அதே வேலைக்கு லேப் அலமாரியில் கிடக்கும் டிப்122 போட்டால் ஒரு வோல்ட் பக்கத்தில் அதுவே விழுங்கிவிடும். 2 வாட் சூடு, 3.7 வோல்ட் லித்தியம் செல்லில் கால்வாசி அம்பேல். ஏஓ3400ஏ எள்ளு மாதிரி குட்டியாக இருக்கும், சால்டரிங் கஷ்டம்தான். தாங்குவது 30 வோல்ட், கேட்டில் 12-க்கு மேல் கூடாது. பேட்டரி சர்க்யூட்டுக்கு இது போதாதா?

எல்லாவற்றுக்கும் மாஸ்ஃபெட்தான் வேண்டும் என்றும் இல்லை. 5 வோல்ட் ரிலே 70 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும். பிசி547-இன் எல்லை 100, கொஞ்சம் இறுக்கம். பிசி337 போட்டால் நிம்மதி. பேஸ் ரெசிஸ்டர் கணக்கில் மட்டும் கெயின் 200 என்று போடாதீர்கள். ஸ்விட்சாக முழுசாகத் திறக்க 10 முதல் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.3-லிருந்து 470 ஓம் போட்டால் ஐந்து மில்லி ஆம்பியருக்கு மேல் கிடைக்கும், கணக்கு சரியாக வரும்.

ரிலேயோ மோட்டாரோ, குறுக்கே ஒரு டயோடு கட்டாயம். மாஸ்ஃபெட் என்றால் கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10கே. இல்லாவிட்டால் கன்ட்ரோலர் கண் விழிக்கும் முன்னாடியே மோட்டார் ஒரு ஆட்டம் போட்டுவிடும்.