பிழை அலுவலகத்தினுடையது, அலைச்சல் சிப்பாயினுடையதா?

பதினைந்து, இருபது ஆண்டுகள் எல்லையில் காவல் நின்று ஊர் திரும்பிய சிப்பாய் ஒருவர், தன் பெயர் இன்னதுதான் என்று நிரூபிப்பதற்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார். உத்தராகண்டின் மலைக் கிராமங்களிலும், பீகாரிலும், பஞ்சாபிலும், ராஜஸ்தானிலும் இது அன்றாடக் காட்சி. ராணுவ ஆவணத்தில் பெயரில் ஓர் எழுத்து கூடியிருக்கும் அல்லது குறைந்திருக்கும். பிறந்த ஆண்டு மாறியிருக்கும். மனைவியின் பெயர் ஆதாரில் ஒன்றாகவும் ஓய்வூதிய ஆணையில் வேறொன்றாகவும் இருக்கும். இதைத் திருத்தித் தாருங்கள் என்று அவர் கொடுக்கும் விண்ணப்பம் ஒரு பக்கத்தைத் தாண்டாது. அதற்கு அரசு இயந்திரம் நடந்துகொள்ளும் விதம்தான் நாம் பேச வேண்டிய விஷயம்.

இந்தப் பிழைகள் எப்படி நுழைந்தன? சிப்பாயாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் சிறு விவசாயிகளின், கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகள். ஆள்சேர்ப்பு முகாமில் கட்வாலியிலோ போஜ்புரியிலோ அவர்கள் சொன்ன பெயரை, வேற்று மொழி பேசும் எழுத்தர் தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். பள்ளிச் சான்று இல்லாதவர்களுக்கு வயது உத்தேசமாகப் போடப்பட்டது. திருமணமான பின் மனைவியின் பெயர் ‘பார்ட் டூ ஆர்டர்’ எனப்படும் ஆணை வழியாகப் பதிவேட்டில் ஏறியது. ‘தேவி’யும் ‘கௌர்’உம் சில ஏட்டில் இருந்தன, சிலவற்றில் விடுபட்டன. அந்த ஏடுகளில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று படித்துப் பார்க்கும் வாய்ப்பு சிப்பாய்க்கு அரிதாகவே கிடைத்தது. காட்டிய இடத்தில் கையெழுத்திட்டார், அவ்வளவே.

ஓய்வூதியம் உள்ளூர் வங்கி வழியாக வந்துகொண்டிருந்தவரை இப்பிழைகள் பெரும்பாலும் தூங்கிக் கிடந்தன. வங்கி ஊழியருக்கு ஓய்வூதியரின் முகம் தெரியும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பணம் நிற்கவில்லை. ஆதார் வந்தது, அதன் பிறகு ஓய்வூதியம் முழுவதையும் ஒரே கணினி அமைப்பின் கீழ் கொண்டுவரும் ‘ஸ்பர்ஷ்’ வந்தது. பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஓய்வூதிய அலுவலகம் நடத்தும் இந்த அமைப்புக்குள் 30 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கொண்டுவரப்பட்டுள்ளனர். ஸ்பர்ஷ் என்றால் தொடுதல். கணினிக்கோ எழுத்துப் பொருந்தினால் மட்டுமே மனிதர் தெரிவார்.

2022 ஏப்ரல் மாத ஓய்வூதியத்தின்போது நடந்ததை முன்னாள் படைவீரர் குடும்பங்கள் மறந்திருக்காது. ஸ்பர்ஷுக்கு மாற்றப்பட்டவர்களில் 58,275 பேரின் வருடாந்திர அடையாளச் சரிபார்ப்பு முடியவில்லை என்ற காரணத்தால், மாத இறுதியில் அவர்கள் கணக்கில் பணம் ஏறவில்லை. கண்டனக் குரல் நாடெங்கும் எழுந்த பிறகுதான், பாதுகாப்பு அமைச்சகம் ஒருமுறைச் சலுகை என்று அறிவித்து மே முதல் வாரத்தில் பணத்தைச் செலுத்தியது. உழைத்துச் சேர்த்த உரிமைக்குச் சலுகை என்று பெயர்! தரவு பொருந்தவில்லை என்றால் முதலில் பணத்தை நிறுத்து, விசாரணையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே அன்று வெளிப்பட்ட அணுகுமுறை.

சரி, திருத்தம் கேட்டு விண்ணப்பித்தால் என்ன நடக்கிறது? பிரமாணப் பத்திரம் வேண்டும், பத்திரிகை விளம்பரம் வேண்டும், மாவட்ட சைனிக் போர்டின் சான்று வேண்டும், பள்ளிச் சான்று வேண்டும். அவற்றை அந்தந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். கட்வால் ரைபிள்ஸ் என்றால் லேன்ஸ்டவுன். பீகார் ரெஜிமென்ட் என்றால் தானாபூர். பீரங்கிப் படை என்றால் நாசிக். மின், இயந்திரப் பொறியாளர் பிரிவு என்றால் செகந்திராபாத். அங்கிருந்து கோப்பு பிரயாக்ராஜ் போய், திருத்த ஆணை வெளிவந்து, அது கணினியில் ஏற வேண்டும். ஒரு தாள் குறைந்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். எழுபது வயதைக் கடந்த ஒருவர், ஆங்கிலப் படிவத்தோடும் கைபேசிக்கு வரும் ஓடிபியோடும் மல்லுக்கட்டி, கணினி மையத்துக்கும் நோட்டரிக்கும் கைக்காசைச் செலவழித்து, அலுவலக எழுத்தர் எப்போதோ செய்த பிழையைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

கணவரை இழந்த பெண்களின் நிலை இதைவிடக் கொடியது. குடும்ப ஓய்வூதியம் அவருடைய பெயரில்தான் வழங்கப்பட வேண்டும். அந்தப் பெயரே ஆவணத்தில் தவறாக இருந்தால், தான் அந்தச் சிப்பாயின் மனைவிதான் என்பதைக் கணவர் இறந்த பிறகு அவர் நிரூபிக்க வேண்டும். பிழையைச் சுட்டிக்காட்டிக் கையெழுத்திட வேண்டியவர் உயிரோடு இல்லை. வீரர்களின் தியாகத்தைப் பற்றி மேடைதோறும் முழங்கும் ஆட்சியாளர்களின் காதுகளுக்கு, இந்தப் பெண்களின் குரல் எட்டுவதே இல்லை.

ஆவணத்தில் பிறந்த தேதி முரண்படுவது சிப்பாய்களுக்கு மட்டும் நேர்ந்த விபத்தல்ல. தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் வி.கே.சிங்கின் பிறந்த ஆண்டு ராணுவத் தலைமையகத்தின் ஒரு பிரிவில் 1951 என்றும் இன்னொரு பிரிவில் 1950 என்றும் இருந்தது. பணியில் இருக்கும்போதே 2012 ஜனவரியில் அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். பிப்ரவரியில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவரது கோரிக்கையின் நியாய அநியாயத்துக்குள் நாம் போகவில்லை. நாட்டின் மிக உயர்ந்த ராணுவ அதிகாரியின் கோப்பிலேயே இரண்டு பிறந்த ஆண்டுகள் பல பத்தாண்டுகள் உடனிருக்க முடிந்தது என்றால், ஹவில்தாரின் கோப்பு எப்படி இருக்கும்? அவருக்கு மூத்த வழக்கறிஞர்கள் இருந்தார்கள், ஊடகங்கள் இருந்தன, பின்னர் பாஜக வேட்பாளராக நாடாளுமன்றமும் அமைச்சர் பதவியும் கிடைத்தன. ஹவில்தாருக்கு இருப்பது ஒரு பழைய டிஸ்சார்ஜ் புத்தகம் மட்டுமே.

அடையாளத்தை நிரூபிக்கும் சுமையைத் தனிமனிதர் தலையில் ஏற்றும் இந்த அணுகுமுறை ஓய்வூதியத்தோடு நிற்பதில்லை என்பதற்கு அசாம் சாட்சி. 1987இல் ராணுவத்தில் சேர்ந்து முப்பது ஆண்டுகள் பணியாற்றி, கார்கில் போரிலும் பங்கேற்று 2017இல் ஓய்வுபெற்ற ஒருவரை, 2019 மே மாதத்தில் வெளிநாட்டினர் தீர்ப்பாயம் அந்நியர் என்று அறிவித்தது. கோல்பாரா தடுப்பு முகாமில் அவர் அடைக்கப்பட்டார். வழக்கின் அடிப்படையாக இருந்த எல்லைக் காவல் துறை அறிக்கை அவரைக் கூலித் தொழிலாளி என்று குறித்திருந்தது. அந்த விசாரணை நடந்ததாகச் சொல்லப்பட்ட காலத்தில் அவர் மணிப்பூரில் ராணுவப் பணியில் இருந்தார். குவாஹாட்டி உயர்நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் வழங்கிய பிறகே ஜூனில் வெளியே வந்தார். அவர் ஒரு முஸ்லிம். ராணுவ அடையாள அட்டை வைத்திருந்தவருக்கே இந்தக் கதி என்றால், ஆற்று மணல்திட்டுகளில் வாழும் ஏழைகள் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்கள்?

இத்தனைக்கும் நடுவே, ஓய்வூதியத்தையே சுமையாகக் கருதும் போக்கு ஆட்சியாளர்களிடம் வளர்ந்திருக்கிறது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டம், நான்காண்டுகளில் வெளியேறுவோருக்கு ஓய்வூதியமும் இல்லை, முன்னாள் படைவீரர் தகுதியும் இல்லை என்றது. ஆவணத் திருத்தத்துக்கு அலையும் தொல்லையையும் அவர்களுக்கு மிச்சப்படுத்திவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்!

கணினிமயத்தை நாம் எதிர்க்கவில்லை. இடைத்தரகரின்றி, தாமதமின்றிப் பணம் வருமானால் அது நன்மையே. போலிகள் புகுந்துவிடக் கூடாது என்பதும் சரி. ஆனால் சிப்பாயின் கைரேகை, உடல் அடையாளக் குறி, சேர்ந்த நாள், பணியாற்றிய பிரிவுகள் யாவும் ராணுவத்தின் பதிவேடுகளில்தான் இருக்கின்றன. அவரை வேறு யாரோ என்று சந்தேகிக்கும் அரசின் கையில்தான் அவர் யார் என்பதற்கான மிக விரிவான சான்றும் இருக்கிறது. அதைத் தேடி எடுக்கும் உழைப்பு யாருடையது என்பதே கேள்வி.

எனவே, எழுத்துப் பிழையும் படியெடுப்புப் பிழையும் ஆவண அலுவலகத்தின் சொந்தப் பொறுப்பில், பிரமாணப் பத்திரமோ விளம்பரச் செலவோ கேட்காமல், திருத்தப்பட வேண்டும். திருத்தம் நிலுவையில் இருக்கும் காலத்தில் எந்த ஓய்வூதியமும், குறிப்பாகக் குடும்ப ஓய்வூதியம், நிறுத்தப்படக் கூடாது. சைனிக் போர்டுகள் போதிய ஊழியர்களோடு வட்டம் தோறும் முகாம் நடத்தி, உள்ளூர் மொழியில் விண்ணப்பம் பெற வேண்டும். நடக்க முடியாதவர்களின் வீட்டுக்குச் செல்ல வேண்டும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒப்புகைச் சீட்டும் முடிவுக்கான கெடுவும் இருக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனை திருத்த விண்ணப்பங்கள் எந்தெந்த ஆவண அலுவலகத்தில் எவ்வளவு காலமாகத் தேங்கிக் கிடக்கின்றன என்ற விவரத்தைப் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தின் முன் வைக்கட்டும்.