குதிரையின் இரைப்பும் வைக்கோலின் ஈரமும்

கடந்த தை மாதம் எருமப்பட்டியை அடுத்த ஒரு தோட்டத்துக்கு மக்காச்சோளம் பார்க்கப் போயிருந்தேன். கட்டுத்தரையில் நின்ற குதிரை இருமிக்கொண்டே இருந்தது. மூக்குத் துவாரங்கள் விரிந்திருந்தன. மூச்சை வெளியே தள்ள வயிறு இரண்டு முறை எக்கியது. அப்படி எக்கி எக்கியே விலாவின் கீழ்ப்பக்கம் தசை தடித்து ஒரு கோடு விழுந்திருந்தது.

கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்குப் போகும் குதிரை அது. அந்தியூர் குருநாதசாமி கோவில் ஆடிச் சந்தையில் வாங்கியதாம். "சந்தையில நல்லாத்தானுங்க சார் நின்னுச்சு. இங்க வந்த ரெண்டாவது மாசமே இரைக்க ஆரம்பிச்சிருச்சு. ஊசி போட்டா பத்து நாளைக்குத் தேவலை, மறுபடியும் அதே கதைதானுங்க" என்றார் உரிமையாளர். வந்த விலைக்குத் தள்ளிவிடும் யோசனையில் இருந்தார்.

நான் பயிர் ஆராய்ச்சி செய்பவன். கால்நடை மருத்துவன் அல்ல. ஆனால் எனக்குத் தெரிந்த பொருள் ஒன்று அந்தக் குதிரையின் தலைக்கு மேலேயே இருந்தது. பரணில் அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகள்! ஒன்றைப் பிரித்தோம். நடுவில் சாம்பல் நிறப் பூசணம். உதறியதும் புகைபோல் எழுந்தது.

குதிரைக்கு வரும் நாள்பட்ட இரைப்புக்கு முக்கியக் காரணம் இந்தத் தூசிதான். முன்பு பல பெயர்களில் சொல்லப்பட்ட இந்த நோயை 2016 முதல் 'குதிரை ஆஸ்துமா' என்ற ஒரே பெயரில் மருத்துவர்கள் அழைக்கிறார்கள். பூசண வித்துகளும் நுண்தூசியும் மூச்சுக்குழலில் படியும்போது உடல் அளவுக்கு மீறி எதிர்வினை காட்டுகிறது. குழல் சுருங்கும், வீங்கும், சளி கட்டும். குதிரையால் வாய்வழியாக மூச்சு விட முடியாது. எல்லாம் மூக்கு வழிதான். ஏழு வயதைக் கடந்த குதிரைகளில் கடுமையான வகையை அதிகம் பார்க்கலாம். இது தொற்று நோயல்ல. ஒருமுறை வந்தால் முற்றாகப் போவதும் இல்லை. தூசியைத் தள்ளி வைத்தால் அடங்கியிருக்கும். சந்தைத் திடலின் திறந்தவெளியில் நன்றாக நிற்கும் குதிரை, கொட்டகைக்குள் வந்ததும் இரைப்பது இதனால்தான்.

இனி என் துறைக்கு வருகிறேன். கதிர் அறுவடை இயந்திரம் போன வயலில் நெல் காய்ந்திருந்தாலும் தாளில் பச்சை ஈரம் நிறைய இருக்கும். முன்பெல்லாம் களத்தில் உலர்த்தித்தான் போர் போடுவோம். இன்று கட்டு கட்டும் இயந்திரம் என்று கிடைக்கிறதோ அன்றே, பனி ஈரம் இறங்குவதற்கு முன்பே சுருட்டி விடுகிறோம். ஈரம் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 20 சதவீதத்தைத் தாண்டினால் கட்டின் நடுவில் சூடு ஏறும். சூட்டை விரும்பும் நுண்ணுயிரிகளும் பூசணமும் பெருகும். மழையில் நனைந்த கடலைக்கொடிக்கும் இதே கதிதான்.

கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் விற்கப் போனால் நம் மாவட்டத்தில் ஈரமானி வைத்துப் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. நெல் கொள்முதல் நிலையத்திலும் அப்படியே. வைக்கோலை மட்டும் கட்டுக் கணக்கில் விற்கிறோம், கட்டுக் கணக்கில் வாங்குகிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வைக்கோலுக்கும் ஈரம் பார்த்து விலை சொல்லும் வழக்கம் வர வேண்டும் என்பது என் கருத்து. அறுவடைக் காலத்தில் கிராமங்களுக்குப் போகும் விரிவாக்கப் பணியாளர்கள் விதை, உரத்தோடு இதையும் பேசலாம். கருவி இல்லாவிட்டாலும், ஒரு பிடி வைக்கோலை முறுக்கினால் தாள் முறிய வேண்டும். துவண்டால் ஈரம் இருக்கிறது. கட்டின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்போ முக்கல் வாடையோ இருந்தால் குதிரைக்கு வேண்டாம்.

அந்தத் தோட்டத்தில் பரணைக் காலி செய்யச் சொன்னேன். குதிரையைப் பகலிலும், முடிந்தால் இரவிலும் வேப்பமரத்தடியில் கட்டச் சொன்னேன். கோழிப்பண்ணைக் காற்று வீசும் பக்கம் கட்டக் கூடாது. அந்தத் தூசியும் அம்மோனியா நெடியும் மூச்சுக்குழலை மேலும் புண்ணாக்கும். நல்ல வைக்கோலையும் அரை மணி நேரம் தண்ணீரில் முழுக அமிழ்த்தி, ஈரத்தோடு கொடுக்க வேண்டும். மேலே தெளித்தால் உள்ளே நனையாது. நம் வெயிலுக்கு மிச்சம் புளித்துவிடும் என்பதால் அன்றன்றே அள்ளிவிட வேண்டும். தீவனத் தொட்டி தாழ்வாக இருக்கட்டும். தலை குனிந்து தின்றால் சளி இறங்கும். கூட்டுவதும் உதறுவதும் குதிரை வெளியே இருக்கும்போதுதான். கொஞ்சம் பசுந்தீவனமும் பயிரிடலாம். குதிரை மசால் என்று பெயரிலேயே குதிரையை வைத்துக்கொண்டு அதை மாட்டுக்கு மட்டும் போடுகிறோம்!

மருந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. மூச்சுக்குழலை விரிக்கும் மருந்தும் அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டும் நெருக்கடியில் உயிர் காக்கும். ஆனால் ஸ்டீராய்டைச் சொந்தமாகப் போடக் கூடாது. குளம்பு அழற்சி வந்து குதிரை படுத்துவிடக்கூடும். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும். விலாவைப் பார்த்து எண்ணி, அதற்கு மேல் தொடர்ந்து போனால் மருத்துவரை அழையுங்கள். காய்ச்சல், மூக்கில் மஞ்சள் சீழ், தாடைக்கடியில் வீக்கம், தோலில் புண் ஆகியவை இருந்தால் அது இரைப்பு நோயல்ல. கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். குதிரையைத் தனியே கட்டி, உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள்.

கிளம்பும்போது இன்னொன்றையும் கவனித்தேன். தினமும் அந்தக் கட்டுகளைப் பிரித்து உதறுவது உரிமையாளரின் மனைவி. அவரும் இருமினார். பூசண வைக்கோல் தூசி விவசாயிகளின் நுரையீரலைக் கெடுக்கும் என்பது மருத்துவ உலகம் நெடுநாளாக அறிந்தது. "எனக்கும் காலையிலதாங்க அதிகம்" என்றார் அந்த அம்மா. வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, நனைத்த பிறகு பிரிக்கச் சொன்னேன். நெஞ்சு மருத்துவரைப் பார்க்கவும் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து உரிமையாளர் போனில் பேசினார். குதிரை விற்பனைக்கு இல்லையாம். பங்குனி முகூர்த்தங்களுக்குப் போய்வந்ததாம். வைக்கோல் வாங்கும்போது கட்டுக்குள் கையை விட்டுப் பார்ப்பதால் வியாபாரி முணுமுணுக்கிறாராம்.