பேய்க்கதை மறைக்கும் போனக்காடு

திருவனந்தபுரம் மாவட்டம் விதுர ஊராட்சியில், அகத்தியர்கூடத்திற்கான மலைப்பாதை தொடங்கும் இடத்தில் இருக்கிறது போனக்காடு. இணையத்தில் இவ்வூரின் பெயரைத் தேடுவோருக்கு முதலில் கிடைப்பது ஒரு பேய் பங்களாவின் கதை. ஆங்கிலேய மேலாளர் ஒருவரின் மகள் அங்கே இறந்தாள், அவளது ஆவி இன்னும் உலவுகிறது என்று சொல்லப்படுகிறது. அதைப் படம்பிடிக்கச் செல்பேசியோடு மலையேறுகிறவர்கள் ஏராளம்.

அதே தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. இயந்திரங்கள் துருவேறிவிட்டன. வெள்ளையர் காலத்து லயங்கள் சிதைந்து நிற்கின்றன. அவற்றில் வாழ்வோரில் பலர், தமிழ்ப் பகுதிகளிலிருந்து கொழுந்து பறிக்கக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களின் வழிவந்தவர்கள். நின்றுபோன ஊதியத்திற்கும் கைக்கு வராத பணிக்கொடைக்கும் அவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பேயைத் தேடி வரும் கேமரா இவர்களைப் பார்ப்பதில்லை. சுரண்டலின் சுவடுகளை மர்மக் கதையின் பின்னணிக் காட்சியாக மாற்றுவதும் ஒருவகை அரசியல்தான்.

எந்தச் செல்பேசி இதை மறைக்கிறதோ, அதே செல்பேசியைக் கொண்டு இதை வெளிக்கொணர முடியுமா? உலகின் சில முயற்சிகள் இக்கேள்விக்குப் பாதி விடை தந்துள்ளன.

கடையின் கதவு யார் கையில்?

இத்தாலியைச் சேர்ந்த மொல்லேஇண்டஸ்ட்ரியா குழு 2011 செப்டம்பரில் ‘போன் ஸ்டோரி’ என்ற விளையாட்டை வெளியிட்டது. செல்பேசி எப்படி உருவாகிறது என்பதே அதன் கதை. முதல் கட்டம் காங்கோவின் கோல்டான் சுரங்கம். வேலையில் தளரும் சிறுவர்களை ஆயுதக் காவலர்களைக் கொண்டு மிரட்டி வேலை வாங்க வேண்டும். மிரட்டாவிட்டால் இலக்கு எட்டாது, ஆட்டம் தோற்கும். அடுத்து சீனத் தொழிற்சாலை. மாடியிலிருந்து குதிக்கும் தொழிலாளர்களை வலையில் பிடிக்க வேண்டும். இது கற்பனையல்ல. ஷென்சென் பாக்ஸ்கான் ஆலையில் 2010இல் தொழிலாளர்கள் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்டபோது, நிர்வாகம் கட்டடங்களைச் சுற்றி உண்மையிலேயே வலை கட்டியது. இறுதிக் கட்டம் பாகிஸ்தானில் குவியும் மின்னணுக் கழிவு.

சில நாட்களிலேயே ஆப்பிள் நிறுவனம் தன் ஆப் ஸ்டோரிலிருந்து இதை நீக்கியது. ஆயத்த ஆடை ஆலைகளின் கொடுமையைப் பேசிய ‘ஸ்வெட்ஷாப்’ என்ற பிரிட்டன் விளையாட்டுக்கும் 2013இல் இதே கதி நேர்ந்தது. துப்பாக்கிச் சூட்டு விளையாட்டுகளை விற்கத் தயங்காத கடையில், உழைப்புச் சுரண்டலைக் காட்டும் விளையாட்டுக்கு இடமில்லை. உற்பத்திச் சாதனம் மட்டுமல்ல, விநியோகத்தின் வாசலும் மூலதனத்தின் கையில்தான் இருக்கிறது.

இந்தியாவிலும் முன்னுதாரணம் உண்டு. கொல்கத்தாவிலிருந்து 2016இல் வெளிவந்த ‘மிஸ்ஸிங்’ என்ற விளையாட்டில், கடத்தப்பட்ட சிறுமியின் இடத்தில் நின்று ஆடுபவர் தப்பிக்கும் வழியைத் தேட வேண்டும். தோட்டத் தொழிலாளர் வாழ்வுக்கும் அத்தகைய விளையாட்டு வேண்டும்.

விதிகளில்தான் அரசியல்

ஆனால் பரிதாபத்தைத் தூண்டுவதோடு நின்றால் போதாது. ஒரு விளையாட்டின் அரசியல் அதன் விதிகளில் இருக்கிறது. இதற்கு வரலாற்றுச் சான்று நாமறிந்த ‘மோனோபோலி’. அதன் மூலம், அமெரிக்காவின் எலிசபெத் மேகி என்ற பெண் 1904இல் காப்புரிமை பெற்ற ‘நிலவுடைமையாளர் விளையாட்டு’. நிலமும் வாடகையும் சிலர் கையில் குவிவதால் விளையும் கேட்டை உணர்த்தவே அவர் அதை உருவாக்கினார். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த வடிவத்தில் அந்த நோக்கம் காணாமற்போனது. மற்றவர்களை ஓட்டாண்டியாக்குபவரே வெற்றியாளர் என்பது மட்டும் எஞ்சியது.

எனவே போனக்காட்டைப் பற்றி ஒரு விளையாட்டு வருமானால், சிக்கனமாக வாழ்ந்து முன்னேறிய தனிமனிதரின் கதையாக அது இருக்கக்கூடாது. பறித்த கொழுந்தின் எடை, நாட்கூலி, கடைக்கடன், பிள்ளைகளின் பள்ளிச் செலவு, ஒழுகும் கூரை ஆகியவற்றின் கணக்கு அதில் வர வேண்டும். தனியாக ஆடும்வரை எவ்வளவு உழைத்தாலும் கடன் ஏற வேண்டும். அடுத்த லயத்துக் கதவைத் தட்டி ஆள் சேர்க்கும்போதுதான், பாக்கிக்கான மனு நகர வேண்டும்.

சட்டம் சொல்லும் கணக்கும் அதில் இடம்பெறலாம். 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, ஓராண்டுப் பணிக்கு 15 நாள் ஊதியம். முப்பது ஆண்டு கொழுந்து பறித்த பெண்ணுக்கு 450 நாள் ஊதியம் சேர வேண்டும். 30 நாட்களுக்குள் அதைத் தராவிட்டால் வட்டியும் உண்டு. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கட்டித் தருவதையும் பராமரிப்பதையும் முதலாளியின் கடமையாக்கியது. இவ்விரண்டு உட்பட 29 சட்டங்களை நான்கு தொகுப்புகளுக்குள் அடக்கி, 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசு நடைமுறைப்படுத்தியுள்ளது. சட்டத்தின் பெயர் மாறலாம். உழைத்துச் சேர்ந்த பாக்கி பாக்கிதான்.

திரைக்கு வெளியே

இத்தகைய விளையாட்டை உருவாக்கப் பெரும் மூலதனம் தேவையில்லை. கேரள அரசுப் பள்ளிகளில் 2018 முதல் இயங்கும் ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களில் மாணவர்கள் கட்டற்ற மென்பொருள் கொண்டு நிரலாக்கமும் அசைவூட்டமும் கற்கிறார்கள். தோட்டப் பகுதி மாணவர்கள் தம் பாட்டிமார்களின் அனுபவத்தைக் கேட்டு விதிகளை எழுதலாம். ஆண்ட்ராய்டு செல்பேசியில் கடையின் அனுமதியின்றியே ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கோப்பாக அனுப்பலாம். மலையாளத்திலும் தமிழிலும் அது பேச வேண்டும்.

அதன் எல்லையையும் மறந்துவிடலாகாது. 2015இல் மூணாறின் பெண் தொழிலாளர்கள் சாலையில் அமர்ந்த பின்னரே, 232 ரூபாயாக இருந்த நாட்கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. தொழிற்சங்கத் தலைமைகளையும் அப்பெண்கள் கேள்விக்குள்ளாக்கினார்கள் என்பதை இயக்கம் நினைவில் கொள்ள வேண்டும். திரையில் பெறும் புள்ளிகள் எவருக்கும் பணிக்கொடையாகா. போனக்காட்டைப் பேயின் ஊராக மட்டும் அறிந்த இளைஞரிடம், அங்கே யாருக்கு யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கேள்வியை ஒரு விளையாட்டு எழுப்பலாம். அக்கேள்வியோடு வருபவரை லயத்தின் வாசலுக்கும், அங்கிருந்து தொழிலாளர் நலத்துறை அலுவலகத்தின் வாசலுக்கும் அழைத்துச் செல்வது சங்கத்தின் வேலை. ஊதிய பாக்கி, பணிக்கொடை, குடியிருக்கத் தகுந்த வீடு: இம்மூன்றும் கிடைக்கும்வரை போனக்காட்டின் கணக்கு முடியாது.