புதுக் கேபிள் சொன்ன உண்மை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மம்பாவிலிருந்து மாமா அழைத்தார். "பாப்பா, லீனியர் போயிடுச்சு" என்றார். உறவில் யாரோ தவறிவிட்டார் என்று சொல்லும் குரல். பின்னால் அத்தை, "பசியாறாம உக்காந்திருக்காரு, கொஞ்சம் வந்துட்டுப் போம்மா" என்றார்.

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் பழைய சாலையில் மம்பாவ் வட்டாரத்தைக் கடந்தவர்களுக்கு அந்தத் தாமான்கள் தெரிந்திருக்கும். ரப்பரும் பிறகு செம்பனையும் இருந்த நிலம். மாமா லயத்தில் பிறந்து, தோட்டத்தில் மின்சார வேலை பழகி, சார்ஜ்மேனாக ஓய்வு பெற்றவர். இன்று மூலை வீடு. வீட்டுக்குப் பின்னால் ஓர் இரும்புக் கம்பம், அதன் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் ஒரு கம்பி. புதிதாக வருபவர்கள் அதைத் துணிக்கொடி என்று நினைப்பார்கள். அது மாமாவின் ஏரியல். அவர் 9எம்2 என்று தொடங்கும் அழைப்புக்குறி வைத்திருக்கும் அமெச்சூர் வானொலிக்காரர். நான் அவரைப் பார்த்துத்தான் தேர்வு எழுதினேன். மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் கொடுத்த என் அழைப்புக்குறி 9டபிள்யூ2 வகை, அவருடையதற்கு ஒரு படி கீழே. ஊடகவியல் பட்டம் வாங்கி, பத்து ஆண்டுகளுக்கு மேலாக மைக்கின் முன் பேசிப் பிழைப்பவள் நான். ஆனால் குரல் எப்படி வானில் ஏறுகிறது என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அந்த மூலை வீடுதான்.

லீனியர் என்று மாமா சொல்வது அம்ப்ளிஃபையரை. மேசையில் இருக்கும் வானொலிக் கருவி 100 வாட் கொடுக்கும். லீனியர் அதை 600 வாட் ஆக்கும். அதைப் பழையதாக, ஓய்வூதியப் பணத்தில் வாங்கினார். காரணம் சேலத்தில் இருக்கிறார். பதினொரு ஆண்டுகளாக ஞாயிறு தோறும் 14 மெகாஹெர்ட்ஸில் மாமாவோடு தமிழில் பேசும் நண்பர். இருவரும் நேரில் பார்த்ததில்லை. நண்பரின் தெருவில் மின்சார இரைச்சல் கூடிவிட்டதால் மாமாவின் குரல் அமுங்கத் தொடங்கியது. உடனே லீனியர் வந்தது. அத்தை அதன் விலையை இன்னும் மறக்கவில்லை.

நான் போனபோது மேல்மூடி கழற்றப்பட்டிருந்தது. கருகிய வாசம். உள்ளே ஜோடி ட்ரான்சிஸ்டர்களும் போயிருந்தன. மாற்ற 900 ரிங்கிட்டுக்கு மேல் ஆகும் என்று மாமா கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

"கேபிள்கூட புதுசு, பாப்பா. போன வாரந்தான் போட்டேன். எப்படிப் போகும்?"

இந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இந்த வாரம் எழுத நினைத்தேன். எனக்கே அன்றுவரை அது தெரியாது.

கொடிக்கயிற்றை ஒரு தூணில் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்து உதறிப் பாருங்கள். அலை ஓடிப்போய்த் தூணில் மோதி உங்கள் கைக்கே திரும்பி வரும். தூணுக்குப் பதில் மறுமுனையை ஒருவர் பிடித்து, அலை வரும் வேகத்துக்கு இணங்கிக் கையை அசைத்தால் அலை அவர் கையோடு முடிந்துவிடும். கேபிளில் போகும் வானொலி அலையும் இப்படித்தான். கருவி, கேபிள், ஏரியல் மூன்றும் பொதுவாக 50 ஓம் என்ற ஒரே அளவுக்குச் செய்யப்படுபவை. ஏரியலின் அளவு மாறிப்போனால் அது தூணாகிவிடும். போன சக்தியில் ஒரு பங்கு திரும்பி வரும். போகும் அலையும் வரும் அலையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடங்களில் மின்னழுத்தம் இரண்டு மடங்கு வரை உயரலாம், வேறு இடங்களில் மின்னோட்டம் கூடும். ட்ரான்சிஸ்டர் எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறது என்பது கேபிளின் நீளத்தைப் பொறுத்தது. அழுத்தம் தாங்காமல் உடைவதும் உண்டு, சூடு தாங்காமல் உருகுவதும் உண்டு. பழைய வால்வு அம்ப்ளிஃபையர்கள் தகடு சிவக்கும்வரை எச்சரித்துக்கொண்டே பொறுத்துப் போகும். ட்ரான்சிஸ்டருக்கு அந்தப் பொறுமை இல்லை.

இந்தப் பொருத்தமின்மையைச் சொல்லும் எண்தான் எஸ்.டபிள்யூ.ஆர். ஒன்று என்றால் முழுப் பொருத்தம். இரண்டு என்றால் போவதில் 11 விழுக்காடு திரும்புகிறது, மூன்று என்றால் 25. மாமாவின் மேசை மீட்டரில் பல ஆண்டுகளாக இரண்டுதான். "கொஞ்சம் கூடத்தான், பரவாயில்ல" என்று விட்டுவிட்டார். போன வாரம் புதுக் கேபிள் போட்டதும் மீட்டர் நான்கை நெருங்கியது. லீனியரின் காப்புச் சுற்று உடனே வெட்டியது. மீண்டும் போட்டார், மீண்டும் வெட்டியது. புதுக் கேபிளில் தப்பு இருக்க முடியாது, ஆகவே காப்புச் சுற்றுதான் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, அதன் இணைப்பை ஒரு சிறு கம்பியால் தாண்டிவிட்டார். பத்து விநாடி பேசியிருப்பார்.

லயத்தில் ஃப்யூஸ் அடிக்கடி போனால் செம்புக் கம்பியை முறுக்கிச் சொருகுவார்கள். அதைக் கண்ட இடத்தில் எல்லாம் பிடுங்கி எறிந்து திட்டியவர் இதே மாமாதான். நான் அதை நினைவுபடுத்தவில்லை. அத்தை நினைவுபடுத்தினார்.

சாயங்காலம் கம்பத்தடியில் ஏரியலை அண்ணாந்து பார்த்தபோது விஷயம் புரிந்தது. ஒரு பக்கத்துக் கயிறு வெயிலில் நைந்து தளர்ந்திருந்தது. கம்பியின் முனை கார் நிறுத்தும் இடத்தின் தகரக் கூரையை உரசாத குறையாகத் தொங்கியது. தகரத்தின் அருகே வந்தாலே கம்பியின் அளவு கெட்டுவிடும். (அந்த முனையில்தான் மின்னழுத்தம் மிக அதிகம். பேசும் நேரத்தில் யாராவது கூரையில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே வேண்டாம்.) இரவல் வாங்கிய அளவுகருவியை ஏரியலின் அடியிலேயே மாட்டிப் பார்த்தோம். எஸ்.டபிள்யூ.ஆர். ஐந்து.

அங்கே ஐந்து என்றால் மேசையில் இத்தனை ஆண்டு இரண்டு காட்டியது எப்படி? பழைய கேபிளை அறுத்துப் பார்த்தோம். உள்ளே செம்புப் பின்னல் கறுத்து, சில இடங்களில் பச்சை பூத்திருந்தது. நம் ஊர் மழை இணைப்பின் வழியாக உள்ளே இறங்கிக் கேபிள் முழுக்க ஊறியிருக்கிறது. ஊறிய கேபிள் போகும் சக்தியில் பாதியை வழியிலேயே தின்றுவிடும். ஏரியலில் மோதித் திரும்புவதில் பாதியை வரும் வழியில் மறுபடி தின்றுவிடும். ஆகவே மேசைக்கு வந்து சேரும் எதிரொலி சின்னதாகத் தெரியும். கணக்குப் போட்டால் சரியாக வருகிறது: மேலே ஐந்து, வழியில் பாதி இழப்பு, கீழே இரண்டு. இதைவிட வேடிக்கை, ஏரியலே அறுந்து விழுந்திருந்தாலும் அந்தக் கேபிள் மூன்று என்றுதான் காட்டியிருக்கும்.

அதாவது கெட்ட கேபிள்தான் இத்தனை நாள் லீனியரைக் காப்பாற்றி வந்திருக்கிறது. நல்ல கேபிள் ஏரியலின் நோயை அப்படியே கீழே கொண்டுவந்தது. 600 வாட்டில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 200 வாட், திரும்பி வந்திருக்கிறது. காப்புச் சுற்று சொன்னது முழு உண்மை. மாமா நம்பவில்லை.

அந்தச் சுற்று எப்படி வேலை செய்கிறது என்று அன்றிரவு அவரே விளக்கினார். குற்ற உணர்ச்சி இருந்தால் நன்றாகப் பாடம் நடத்துவார் போலிருக்கிறது. கேபிளின் வாயில் ஒரு சிறு வளையம் உட்கார்ந்து, போகும் அலைக்கு ஓர் அழுத்தமும் வரும் அலைக்கு ஓர் அழுத்தமும் தனித்தனியே கொடுக்கும். வாரன் புரூனி என்ற அமெரிக்கப் பொறியாளர் 1959இல் கியூ.எஸ்.டி. இதழில் விளக்கி எழுதிய அமைப்பின் வழித்தோன்றல்கள்தான் இன்றும் பல வீடுகளில் இருக்கின்றன. வரும் அலை வரம்பைத் தாண்டினால் ஓர் ஒப்பீட்டுச் சுற்று கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அம்ப்ளிஃபையரை நிறுத்தும். நல்ல சுற்று நிறுத்திய பிறகு தானாக மீண்டும் போடாது. மனிதன் வந்து பொத்தானை அழுத்தும்வரை காத்திருக்கும். அந்த இடைவெளி, போய் ஏரியலைப் பார்ப்பதற்கு.

இன்னொன்றையும் சொன்னார், நான் எங்கும் படித்திராதது. நிறுத்தும்போது முதலில் ட்ரான்சிஸ்டரை மௌனமாக்க வேண்டும், பிறகுதான் ரிலேயைத் திறக்க வேண்டும். முழுச் சக்தி ஓடும்போது ரிலேயைத் திறந்தால் அந்தக் கணம் ஏரியலே இல்லாத நிலை. காப்பாற்றப் போய்க் கொன்ற கதை.

நான் வேலை பார்க்கும் துறையின் பெரிய எஃப்.எம். ஒலிபரப்பிகளிலும் இதே காவல்காரன் உண்டு. எதிரொலி கூடினால் சக்தியைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். ஓர் இடிமழைக் காலையில் நான் பேசிக்கொண்டிருந்தபோதே அப்படிக் குறைந்திருக்கிறது. ஒலி மெலிந்தது, ஆனால் ஒலிபரப்பி பிழைத்தது. வீட்டில் இருப்பவர்கள் "இன்னிக்கு ஸ்டேஷன் சரியா எடுக்கல" என்று சொல்லியிருப்பார்கள்.

மாமாவுக்கு ஒரு வாதம் இருந்தது. "ஆபத்து நேரத்துல இது வெட்டிக்கிட்டே இருந்தா என்ன பண்றது? அந்தமான மறந்துட்டியா?" மறக்கவில்லை. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற இந்திய அமெச்சூர் வானொலிக்காரர் தன் குழுவோடு போர்ட் பிளேருக்குப் போய், பல ஆண்டுகள் கிடைக்காமலிருந்த அனுமதியில் உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். 26ஆம் தேதி சுனாமி. பொழுதுபோக்குக்குக் கொண்டுபோன கருவிகள் அன்றே செய்தி கொண்டுபோகும் கருவிகளாயின. தீவுகளில் இருந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்ற செய்தி அதன் வழியாகக் குடும்பங்களுக்குப் போனது. மாமா இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார், சொல்லும்போது கண் கலங்கும். நான் அதையே அவருக்கு எதிராக வைத்தேன். ஆபத்து நேரத்தில் ஏரியல் எப்படி இருக்கும்? அவசரமாக, கிடைத்த மரத்தில், கிடைத்த கம்பியில். அப்போதுதான் பொருத்தம் கெடும். அன்று கருவி கருகினால் மாற்று ட்ரான்சிஸ்டர் எங்கே வாங்குவது? மாமா பதில் சொல்லாமல் கோப்பித் தூளைத் தேடப் போனார்.

சரிசெய்ய மூன்று மாதம் ஆனது. ட்ரான்சிஸ்டர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. அதற்குள் கயிற்றை மாற்றி, கப்பி போட்டு, கம்பியைத் தகரத்திலிருந்து இரண்டு மீட்டர் உயர்த்தினோம். இணைப்புகளுக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவைச் சுற்றினோம். இல்லாவிட்டால் மழைக்கு முன் எறும்பு குடியேறிவிடும். மழையில்லாத ஒரு நாளில் ஏரியலின் அடியிலும் மேசையிலும் அளந்த எண்களை மாமா சுவரில் ஒட்டியிருக்கிறார். இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் கூடினால் கேபிளில் தண்ணீர் என்று அர்த்தம். ஏரியலைச் சரிபார்ப்பது இனி லீனியரை அணைத்துவிட்டு, 10 வாட்டில்.

முதல் சில வாரம் மாமா வானொலிப் பக்கமே போகவில்லை. லீனியர் இல்லாமல் சேலத்துக்குக் கேட்காது என்று முடிவு கட்டியிருந்தார். நண்பரிடம் கைப்பேசி எண் வாங்கிக்கொள்ள இருவருக்கும் இத்தனை ஆண்டில் தோன்றவில்லை. நான்காவது ஞாயிறு அத்தைதான், "நூறு வாட்டு இருக்குல்ல, அதுல கூப்பிட்டுப் பாருங்க" என்றார். கூப்பிட்டார்.

சேலம் உடனே வந்தது. பதறிய குரல். மூன்று ஞாயிறாக மாமாவுக்கு என்னவோ ஏதோ என்று நினைத்துவிட்டாராம். மாமா நடந்ததைச் சொல்லாமல், "சிக்னல் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"எப்பவும்போலத்தான் இருக்கு. லீனியர் போட்டிருக்கீங்களா?"

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய கேபிளும் தகரத்தில் தொங்கிய கம்பியுமாக, 600 வாட்டில் ஏரியலுக்குப் போய்ச் சேர்ந்தது 200 வாட்டுக்கும் குறைவு. அத்தையிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று மாமா கேட்டுக்கொண்டார். அத்தை ஞாயிறு தோறும் இந்தப் பத்தியைப் படிப்பவர்.