ஈசிஜி நார்மல்னா "ஒண்ணும் இல்ல"ன்னு அர்த்தமா?

நைட் டியூட்டியில அடிக்கடி பார்க்கிறது இது. படபடப்பு, கை நடுக்கம், மூச்சு முட்டல். "செத்துடுவேனா டாக்டர்?" ஈசிஜி, சுகர், ஆக்சிஜன் எல்லாம் நார்மல். பல இடங்கள்ல "கேஸ் தான்"னு ஒரு ஊசி போட்டு அனுப்பிடுவாங்க. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அந்தப் பயம் நிஜம்ங்க. உடம்பு ஓடத் தயாரா நிக்குது, ஓடத்தான் எதுவும் இல்லை.

அழுற குழந்தையைத் தோள்ல சாய்ச்சு, "ம்ம்ம்"னு முனகிக்கிட்டே நடப்போம்ல? அது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது குறையும். வேகஸ் நரம்பு பார்க்கிற வேலை. குரல்வளைக்குப் போறதும் அதே நரம்போட கிளைகள்தான். முனகினா மூச்சு தானாவே நீளமா வெளியே போகும். நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கிற மூச்சு, 6 பக்கம் இறங்கும்.

பெரியவங்களும் செய்யலாம். உட்கார்ந்து, லேசா முன்னும் பின்னும் ஆடிக்கிட்டே 5 நிமிஷம். யாராவது சிரிச்சா சிரிக்கட்டும்.

ஆனா நெஞ்சுவலி, வேர்வைன்னா முதல்ல ஈசிஜி. முனகல் அப்புறம். குழந்தையைத் தூளியில ஆட்டலாம், பிடிச்சுக் குலுக்கவே கூடாது, மூளையில ரத்தக்கசிவு வரும். "வேகஸ் ரீசெட்"னு ஆயிரக்கணக்குல காசு கேட்கிறவங்களை நம்பாதீங்க.

படபடப்பு திரும்பத் திரும்ப வந்தா மாவட்ட அரசு மருத்துவமனை மனநல ஓபிக்கு வாங்க. ராத்திரின்னா 14416, டெலி மானஸ். 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம்.